கைக்குழந்தையோடு விமானம் ஏறுவோருக்கு எந்தத் தள்ளுவண்டி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு ஏழு மாதம் நிறைந்திருந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு தனியாக டோஹாவுக்குப் போனேன். ஒன்றரை வயதில் அவளையும் கூட்டிக்கொண்டு லண்டனில் இருக்கும் அக்காவிடம் போய் வந்தேன். அந்த இரண்டு பயணங்களுக்குப் பிறகு, மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது விசா கிடைத்தால், இனிப்போடு ஒரு கேள்வியும் எங்கள் வீட்டுக்கு வரும்: "என்ன வண்டில் வாங்கிறது?" ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று சொந்தக்காரரும் சிநேகிதிகளும் தொலைபேசியில் கேட்டதற்கெல்லாம் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததால், அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். வண்டில், பிராம், ஸ்ட்ரோலர் என்று அவர்கள் எதைச் சொன்னாலும் பதிலில் அது தள்ளுவண்டிதான்.

இடுப்பில வைச்சுக்கொண்டு போனால் போதாதா? நாங்கள் எல்லாம் வண்டிலிலயா வளர்ந்தம்?

இந்தக் கேள்வி பெரும்பாலும் மாமிமாரிடமிருந்து வருகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஊரில் ஒரு பிள்ளையை வாங்குவதற்கு அம்மம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று எத்தனையோ கைகள் உண்டு. பயணத்தில் இருப்பது இரண்டே கைகள். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் வாகனத்தில் ஏழெட்டு மணித்தியாலம், விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம், டோஹாவரை விமானத்தில் ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் என்று கணக்குப் பார்த்தால், ஏழு எட்டுக் கிலோப் பிள்ளையை அவ்வளவு நேரமும் இடுப்பில் வைத்திருக்க யாராலும் முடியாது.

தள்ளுவண்டியை ஊர்வலம் கொண்டுபோவதற்கான வாகனமாக நினைக்க வேண்டாம். கடவுச்சீட்டை எடுக்கவும், பால் கரைக்கவும், கழிவறைக்குப் போகவும் இரண்டு கைகளும் தேவைப்படும் நேரத்தில் பிள்ளையைப் பத்திரமாக இறக்கிவைக்கும் இடம் அது. அந்த வேலைக்கு எது பொருந்தும் என்று பார்த்தால் தெரிவு இலகுவாகிவிடும்.

பிராமுக்கும் இந்தச் சின்ன வண்டிலுக்கும் என்ன வித்தியாசம்? மடிகிறது எல்லாம் ஒன்றுதானே?

மடிவதில் மூன்று வகை உண்டு. பெரிய பிராம் மடிந்தாலும் ஒரு ஆட்டுக்குட்டி அளவுக்கு இருக்கும். அதைப் பொதியாகத்தான் போட வேண்டும். குடை போல மடியும் வண்டி இலேசானது, ஆனால் மடித்தபின் ஒரு மீற்றர் அளவுக்கு நீண்ட தடியாகிவிடும் என்பதால் ஆசனத்துக்கு மேலுள்ள தட்டில் பொதுவாக அடங்காது. மூன்றாவது வகை இரண்டு மூன்று மடிப்பாக மடிந்து, தோளில் மாட்டும் பை அளவுக்குச் சுருங்குவது. கடைக்காரர் "கபின் ஸ்ட்ரோலர்" என்று சொல்வது இதைத்தான்.

குடைமடிப்பு வண்டியை உருவாக்கியவர் ஓவன் மக்லாரன் என்ற பிரித்தானியப் பொறியியலாளர். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஸ்பிற்ஃபயர் போர்விமானத்தின் சில்லுத் தாங்கி அமைப்பில் வேலை செய்த அனுபவத்தைக் கொண்டு, அலுமினியக் குழாய்களால் அதை வடிவமைத்து 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். விமானத்தின் சில்லு மடிந்து உள்ளே போகும் வித்தைதான் பிள்ளையின் வண்டிக்கு வந்தது. இன்றைக்கு அந்த வண்டியையே விமானத்துக்குள் கொண்டுபோக முடியாமல் நுழைவாயிலில் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

"விமானத்துக்கு அனுமதிக்கப்பட்டது" என்று பெட்டியில போட்டிருக்கு அக்கா. அது காணும்தானே?

காணாது. நான் சொல்வதில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். எல்லா விமானங்களுக்கும் சேர்த்து ஒரு தள்ளுவண்டியை "அனுமதிக்கும்" சபை உலகில் எதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் கைப்பொதிக்கு ஒவ்வோர் அளவை வைத்திருக்கிறது. பெட்டியில் உள்ள வாசகம், தயாரித்தவர் ஏதோ ஒரு நிறுவனத்தின் அளவை மனதில் வைத்து எழுதியது.

ஓர் உதாரணம். கட்டார் எயார்வேய்ஸ் கைப்பொதிக்கு அறிவித்திருக்கும் அளவு 50 × 37 × 25 செ.மீ., சாதாரண வகுப்பில் எடை 7 கிலோ. பிரிட்டிஷ் எயார்வேய்ஸின் அளவு 56 × 45 × 25 செ.மீ. இந்த வகை வண்டிகளில் மிகவும் பேர்போன யோயோவை மடித்தால் 52 × 44 × 18 செ.மீ. வரும். அது பிரிட்டிஷ் அளவுக்குள் அடங்கும், கட்டார் அளவில் நீளத்திலும் அகலத்திலும் மிஞ்சும். சைபெக்ஸ் லிபெல் மடிந்தால் 32 × 20 × 48 செ.மீ., ஆகவே இரண்டிலும் அடங்கும். முதல் வந்த ஜிபி பொக்கிற் 30 × 18 × 35 செ.மீ. அளவுக்குச் சுருங்கும். 2014இல் மிகச் சிறிதாக மடியும் தள்ளுவண்டி என்ற கின்னஸ் சாதனையைப் பெற்றது அதுதான். புகபூ பட்டர்ஃபிளை 54 × 45 × 23 செ.மீ., அதன் எடை மட்டுமே 7 கிலோவைத் தாண்டும்.

பெட்டியில் உள்ள இலக்கத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். காத்தான்குடியில் ஒரு கடையில், பேர் தெரியாத ஒரு வண்டியின் பெட்டியில் 52 என்று போட்டிருந்தது. பையிலிருந்த தையல் நாடாவை எடுத்து, கைப்பிடியிலிருந்து பின்சில்லுவரை அளந்தபோது 57 வந்தது. இலக்கம் சட்டத்தின் அளவு, துருத்திக்கொண்டிருந்த சில்லை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கடைக்காரர் நாடாவை வாங்கித் தானும் அளந்துவிட்டு, "பைக்குள்ள போட்டா அமுங்கும் தங்கச்சி" என்றார். துணி அமுங்கும், சில்லு அமுங்காது.

அப்படியென்றால் எந்த அளவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்?

கண்ணை மூட வேண்டாம், நாடாவை நீட்டினால் போதும். நீங்கள் ஏறப்போகும் நிறுவனத்தின் கைப்பொதி அளவை அவர்களின் இணையத்தளத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். இன்னும் பயணச்சீட்டே எடுக்கவில்லை என்றால், மடித்தபின் மூன்று பக்கமும் 50, 35, 20 செ.மீ.க்குள் நிற்கும் வண்டி பெரும்பாலான இடங்களில் சங்கடம் தராது.

எடை எவ்வளவு இருக்க வேணும்?

ஆறு கிலோவுக்குள் இருந்தால் நல்லது. எட்டு என்றால் தோள் முறியும். நாலரைக் கிலோவுக்கும் குறைந்த வண்டிகள் உண்டு, ஆனால் மிகவும் இலேசான வண்டியில் பின்கைப்பிடியில் பால்பை ஒன்றைத் தொங்கவிட்டு, பிள்ளையைத் தூக்கிய கணமே வண்டி பின்னுக்கு மல்லாந்துவிடும். பையைக் கைப்பிடியில் தொங்கவிடாமல் ஆசனத்தின் கீழுள்ள கூடையில் வைக்கப் பழகுங்கள்.

வீடியோவில ஒரு கையால மடிக்கிறார்கள். உண்மையிலேயே முடியுமா?

சிலவற்றில் முடியும், பலவற்றில் வீடியோவில் மட்டுந்தான் முடியும். வெறுங்கையோடு மடித்துப் பார்ப்பது சோதனையாகாது. அந்தக் காத்தான்குடிக் கடையிலேயே, பக்கத்துக் கடையில் வாங்கியிருந்த ஐந்து கிலோ அரிசிப் பையை இடது தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் மடிக்கப் பார்த்தேன். முதல் வண்டியில் கைப்பிடியில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு, அதே நேரம் கீழேயுள்ள கொளுக்கியைக் காலால் தட்ட வேண்டியிருந்தது. சேலையோடு அது நடக்கிற காரியமில்லை. கடைக்காரர் சிரித்துவிட்டு, "தாங்க, நான் காட்டுறன்" என்று அரிசிப் பையை வாங்கினார். மூன்று முறை முயன்றார். மூன்றாம் முறையில் வண்டி மடிந்தது, அரிசி தரையில் கிடந்தது.

இரண்டாவது வண்டியில் கைப்பிடியில் இரண்டு விசைகள் அருகருகே இருந்தன. பெருவிரலால் ஒன்றையும் மற்ற விரல்களால் மற்றதையும் அழுத்தி முன்னுக்குத் தள்ளியதும், வண்டி தானாகவே முழங்கால் மடக்கி உட்காருவதுபோல மடிந்து, பக்கத்துக் கொளுக்கி "டக்" என்று பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் முக்கியம். தானாகப் பூட்டாத வண்டியைப் படியில் தூக்கிக்கொண்டு ஏறும்போது நடுவில் விரிந்துவிடும். மடிப்பதைப் போலவே விரிப்பதையும் அதே அரிசிப் பையோடு செய்து பாருங்கள். பிள்ளை தோளில் நித்திரையாகிவிட்டால் அதுதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

மூன்று மாதப் பிள்ளைக்கு இதை வாங்கலாமா?

சிறிதாக மடியும் வண்டிகளில் பலவற்றின் ஆசனம் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட, தானாக உட்காரக்கூடிய பிள்ளைக்கானது. கழுத்து நிற்காத பிள்ளையை நிமிர்ந்த ஆசனத்தில் வைத்தால் தலை முன்னுக்குச் சாய்ந்து நாடி நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழல் நெருக்கப்படும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆசனம் ஏறத்தாழத் தட்டையாகச் சாய வேண்டும், அல்லது பிறந்த குழந்தைக்கென்று தனியாக விற்கும் படுக்கைப் பகுதி பொருத்தப்பட வேண்டும். பெட்டியில் "பிறப்பிலிருந்து" என்று எழுதியிருக்கிறதா, "6 மாதத்திலிருந்து" என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

மூன்று மாதப் பிள்ளையோடு ஒரே ஒரு பயணம் என்றால் நெஞ்சில் கட்டும் துணித் தூளிப் பை போதும் என்பது என் கருத்து. ஏணை கட்டிப் பழகிய ஊர்க்காரருக்கு அது புதிதல்ல. பிள்ளையின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும், நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடைவெளி இருக்க வேண்டும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அதைக் கழற்றிவிட்டு, மடியில் தரப்படும் பட்டியைப் போடச் சொல்வார்கள்.

பாதுகாப்புக்கு எதைப் பார்க்க வேணும்? பார்க்கப் பலமாகத்தான் இருக்கு.

முதலில் பட்டி. இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவில் ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் பட்டி வேண்டும். இடுப்புப் பட்டி மட்டும் உள்ள வண்டியில் எட்டு மாதப் பிள்ளை எழுந்து நிற்கப் பார்க்கும். அடுத்தது, ஒரு மிதியில் இரண்டு பின்சில்லும் சேர்ந்து பூட்டும் பிரேக். ஐரோப்பியத் தரமான ஈ.என் 1888, அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.ரி.எம் எஃப் 833 ஆகியவற்றில் ஒன்றாவது ஒட்டுச்சீட்டில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது, மடியும் மூட்டு. குடைமடிப்பு வண்டிகளின் மூட்டில் பிள்ளைகளின் விரல்நுனி அகப்பட்டுத் துண்டான சம்பவங்களால், 2009இல் அமெரிக்காவில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்லாரன் வண்டிகள் திரும்பப்பெறும் அறிவிப்புக்கு உள்ளாயின, மூட்டுக்கு மேல் மாட்டுவதற்கு உறைகள் வழங்கப்பட்டன. வண்டியை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளை உள்ளேயோ பக்கத்திலோ நிற்கக் கூடாது.

எங்கட றோட்டுக்கு இந்தச் சின்னச் சில்லு தாங்குமா?

விமான நிலையத் தரைக்கு அருமையாக ஓடும். காந்திப் பூங்காவின் கல்பதித்த நடைபாதையிலும் குறையில்லை. கல்லடிக் கடற்கரையிலோ பாசிக்குடாவிலோ மணலில் இரண்டடி போனதும் புதைந்துவிடும், பிறகு பிள்ளையையும் வண்டியையும் சேர்த்துத் தூக்க வேண்டும். ஒழுங்கைக் கிறவலில் பிள்ளையின் பல் ஆடும். இந்த வண்டியிடம் எதிர்பார்க்க வேண்டியது பயணத்தை மட்டுந்தான்.

கடற்கரைக்கு ஒருமுறை போய்விட்டால், திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சில்லின் அச்சையும் திருகாணிகளையும் துடைத்துக் காயவிடுங்கள். உப்புக்காற்றில் அலுமினியச் சட்டம் தாக்குப்பிடிக்கும், திருகாணிகளும் விசைக்குள் இருக்கும் சிறு கம்பிச்சுருளும் துருப்பிடிக்கும். துருப்பிடித்த விசையை ஒரு கையால் அழுத்த முடியாது.

வெயிலுக்கு மேல ஒரு துணியைப் போட்டு மூடினால் போதும்தானே? சின்ன ஃபானும் மாட்டலாமா?

துணியால் மூட வேண்டாம். மெல்லிய மஸ்லின் துணியானாலும் முன்பக்கம் முழுவதும் மூடினால் உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் ஏறும், பிள்ளையின் முகமும் உங்களுக்குத் தெரியாது. ஆனி, ஆடி வெயிலில் மட்டக்களப்பில் அது விளையாட்டல்ல. வெயில் மறைப்பு முழங்கால்வரை இறங்கும், பின்னால் வலைத்துணி உள்ள வண்டியைத் தெரிவுசெய்யுங்கள். அவ்வாறான மறைப்பு, நுழைவாயிலில் காத்திருக்கும்போது மின்விளக்கையும் தடுத்துப் பிள்ளையைத் தூங்கவைக்கும்.

மின்கலத்தில் ஓடும் விசிறியை மாட்டலாம், ஆனால் வண்டியை விமான வாசலில் கொடுக்கும் முன் கழற்றிக் கைப்பையில் வைக்க வேண்டும். தனியாக இருக்கும் லித்தியம் மின்கலமும் பவர் பாங்கும் பொதிகள் போகும் கீழ்ப்பகுதிக்குப் போகக் கூடாது. பவர் பாங்கு 100 வாற்று மணிக்குள் (Wh) இருந்தால் பொதுவாகக் கைப்பொதியில் விடுவார்கள். கடைகளில் விற்கும் 20,000 மில்லி அம்பியர் மணிப் (mAh) பவர் பாங்கு ஏறத்தாழ 74 வாற்று மணி.

வண்டிலுக்குத் தனிக் காசு கட்ட வேணுமா?

பெரும்பாலான நிறுவனங்கள் கைக்குழந்தைக்கு ஒரு மடிக்கும் தள்ளுவண்டியை இலவசமாக எடுத்துக்கொள்கின்றன. அது பொதியாகப் போகுமா, உள்ளே வருமா என்பதுதான் வேறுபடும். இரண்டு வயது முடிந்து தனி ஆசனம் எடுத்த பிள்ளைக்கும் இதே சலுகை உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டுநாயக்கவில என்ன நடக்கும்? எந்த இடத்தில வண்டிலைக் கொடுக்கிறது?

கட்டடத்துக்குள் நுழையும்போதே ஒரு சோதனை, விமான நுழைவாயிலுக்கு முன்னால் இன்னொரு சோதனை. இரண்டிலும் பிள்ளையை வெளியே எடுத்து, வண்டியை மடித்து, எக்ஸ்ரேப் பட்டியில் வைக்கத் தயாராக இருங்கள். மேலே அரிசிப் பையைப் பற்றி அவ்வளவு எழுதியது இந்த இரண்டு இடங்களுக்காகத்தான். கூடையில் பால்போத்தல், செருப்பு, விளையாட்டுப் பொருள் என்று நிரப்பி வைத்தால் மடிக்கும் முன் எல்லாவற்றையும் தரையில் கொட்ட வேண்டும். கூடைக்குள் ஒரே பை, அதுவும் ஒரே இழுவையில் வருவதாக இருக்கட்டும்.

பொதி கொடுக்கும் கருமபீடத்தில், வண்டியை விமான வாசல்வரை கொண்டுபோகப் போகிறேன் என்று சொல்லுங்கள். உள்ளே கொண்டுபோகும் அளவு என்றாலும் ஓர் அடையாளச் சீட்டைக் கட்டித் தரும்படி கேளுங்கள். வாசலில் இடமில்லை என்று சொன்னால் அந்தச் சீட்டு கைகொடுக்கும். சில நேரம் விமானம் தூரத்தில் நிற்கும், பஸ்ஸில் கொண்டுபோய்ப் படிக்கட்டால் ஏற்றுவார்கள். அப்போது தோள்பட்டி உள்ள வண்டியின் அருமை தெரியும்.

டோஹாவில இறங்கி லண்டன் விமானம் மாறுவம். நடுவில வண்டில் கையில கிடைக்குமா?

வாசலில் கொடுத்த வண்டி சில இடங்களில் மாற்று விமான நிலையத்திலேயே வாசலில் கிடைக்கும், சில இடங்களில் நேரே கடைசி ஊரின் பொதிப் பட்டிக்குப் போய்விடும். ஆகவே கட்டுநாயக்கவிலேயே "இது எங்கே கைக்கு வரும்?" என்று வாய்விட்டுக் கேட்டு, அடையாளச் சீட்டில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உள்ளே கொண்டுபோகும் அளவுள்ள வண்டிக்கு விலை கூடக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறதென்றால் அது இந்த இடைத்தங்கலுக்காகத்தான். மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு நேரே டோஹாவில் முடியும் பயணத்துக்கு அந்தச் செலவு அவ்வளவு தேவையில்லை.

துபாய், சிங்கப்பூரின் சாங்கி போன்ற விமான நிலையங்களில் காத்திருப்பு நேரத்துக்கு இலவசமாக வண்டி தருகிறார்கள். அவசரமாக ஓடும்போது அதைத் தேடித் திரிய முடியாது.

பயணச்சீட்டில ஒரு பேர், விமானத்தில இன்னொரு பேர். யாருடைய அளவைப் பார்க்கிறது?

பொதுவாக, உங்களை உண்மையில் ஏற்றிச்செல்லும் நிறுவனத்தினுடையதை. சீட்டில் சிறிய எழுத்தில் "இயக்குபவர்" என்று இன்னொரு பெயர் இருக்கும். பல விமானம் மாறும் பயணத்தில் எல்லாவற்றிலும் சிறிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்குள் மலிவுச் சீட்டில் ஒரு சுற்றுப் போகிறவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். எங்கள் அக்காவின் குடும்பம் அப்படித்தான் பெரிய விமானத்தில் உள்ளே வந்த வண்டியைச் சின்ன விமானத்தில் வெளியே கொடுத்தது.

அளவு சரியாக இருந்தும் வாசலில மறித்தால் என்ன செய்யிறது?

மடித்து, உறைக்குள் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. விரித்தபடி தள்ளிக்கொண்டு போனால்தான் கண்ணில் படும். ஆனாலும் மறித்தால் வாதாட வேண்டாம். மேல்தட்டில் இடம் இருக்கிறதா என்பதை முடிவுசெய்யும் உரிமை விமானப் பணியாளர்களுக்கு உண்டு. "உறையில் அளவு எழுதியிருக்கிறது, ஒருமுறை வைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்கலாம். இல்லையென்றால் சீட்டோடு கொடுத்துவிட்டு ஏறுங்கள். அந்த நேரத்துக்காகப் பிள்ளையின் மாற்றுடுப்பு, பால்மா, மருந்து எதையும் வண்டியில் விட்டுவைக்காமல் இருப்பது முக்கியம்.

உறை வாங்க வேணுமா? உரப்பை காணாதா?

கழுவிய உரப்பையும் கயிறும் மோசமில்லை, எங்கள் ஊர்ப் பொதிகள் அப்படித்தான் உலகம் சுற்றுகின்றன. ஆனால் அவிழ்க்கக் கத்தி தேவைப்படும், கத்தி உங்களிடம் இருக்காது. இழுப்புப்பட்டி வைத்த துணிப்பை ஒன்றைத் தையற்காரரிடம் கொடுத்துத் தைப்பிப்பது கடை உறையைவிட மலிவு. பளிச்சென்ற நிறத்தில் தைப்பியுங்கள்.

உடைந்து வந்தால் யார் பொறுப்பு?

எனக்கு நடந்தது இது. லண்டனிலிருந்து திரும்பிய பயணத்தில் வாசலில் கொடுத்த வண்டி, முன்சில்லு ஒன்று அச்சோடு பிடுங்கப்பட்டு வந்தது. மகள் தோளில் நித்திரை, வெளியே வான்காரர் காத்திருக்கிறார், வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று வெளியே வந்துவிட்டேன். அது பிழை. பொதி மண்டபத்தை விட்டு வெளியேறும் முன், பொதிகளுக்கான கருமபீடத்தில் சேத அறிக்கை எழுதி, அதன் பிரதியை வாங்க வேண்டும். உடைந்த இடத்தையும் அடையாளச் சீட்டையும் அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின்படி, சேதமடைந்த பொதிக்கான முறைப்பாட்டை அது கைக்கு வந்த ஏழு நாட்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் எட்டாம் நாள் மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் மரியாதையாக வந்தது, பணம் வரவில்லை. பொதியைக் கொடுக்கும்போது "சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்ற சீட்டில் ஒப்பம் கேட்டால், வண்டியில் ஏற்கெனவே என்ன சேதம் இருக்கிறது என்று அதில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வையுங்கள்.

பாவித்த வண்டில் ஒன்று கல்முனையில மலிவாக வருது. வாங்கலாமா?

வாங்கலாம், அரிசிப் பையோடு போங்கள். மடிக்கும் விசை இறுகியிருக்கிறதா, பூட்டியபின் கைப்பிடியைக் குலுக்கினால் ஆடுகிறதா, பிரேக் போட்டுச் சரிவில் நிறுத்தினால் நகர்கிறதா என்று பாருங்கள். பட்டி நூல் பிரிந்திருந்தால் வேண்டாம். இருக்கைத்துணியை முழுதாகக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். யோயோ போன்றவை புதிதாக ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டும் என்பதால், பேரை மட்டும் ஒட்டிய போலிகளும் உலாவுகின்றன. சட்டத்தில் தொடரிலக்கமும் தர இலக்கமும் இல்லாத "யோயோ" யோயோ அல்ல.

அங்க போய் வாங்கினால் என்ன?

அங்கேயே தங்கப் போகிறவர்களுக்கு அது நல்ல யோசனை. குளிர்நாட்டில் நடைபாதை நல்லது, பனியும் மழையும் உண்டு, பெரிய சில்லு வண்டிதான் அங்கே உதவும். விமானத்துக்கு யாரிடமாவது இரவல் வாங்கிக்கொண்டு போகலாம். ஒரு மாத விடுமுறைக்குப் போகிறவர்கள் இங்கேயே வாங்கிப் பழகிக்கொண்டு போவது நல்லது, ஏனென்றால் பிள்ளையும் அந்த ஆசனத்துக்குப் பழக வேண்டும்.

இதையே காரிலயும் விமானத்திலயும் இருக்கையில வைக்கலாமா?

இல்லை. தள்ளுவண்டி வேறு, கார் ஆசனம் வேறு. விமான இருக்கையிலும் தள்ளுவண்டியைக் கட்ட முடியாது. பிரித்தானியாவில் 12 வயதோ 135 செ.மீ. உயரமோ ஆகும்வரை பிள்ளைகளுக்குக் காரில் தனி ஆசனம் சட்டப்படி வேண்டும். ஆகவே உங்களைக் கூட்டிச்செல்ல வருகிறவரிடம் கார் ஆசனம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளைகள், மூத்தவனுக்கு மூன்று வயது. இரட்டை வண்டிலா?

விமானத்துக்கு வேண்டாம். சின்னவளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, மூத்தவனை ஒற்றை வண்டியில் வையுங்கள். மூன்று வயதுப் பிள்ளைதான் விமான நிலையத்தில் ஓடும், தூங்கிவிட்டால் பாரமும் அவன்தான். வண்டி தாங்கும் எடையைப் பாருங்கள். சில சிறிய வண்டிகள் 15 கிலோவோடு நின்றுவிடும், 22 கிலோ தாங்குபவை கூடுதல் காலம் உதவும்.

வானிலயும் ரயிலிலயும் இதை எங்க வைக்கிறது?

வானில் எல்லாப் பொதியும் ஏற்றியபின் கடைசியாக, கதவுக்குப் பக்கத்தில். இறங்கியதும் முதலில் தேவைப்படுவது அதுதான். மட்டக்களப்பு ரயிலில் மேல்தட்டில் அடங்கும், ஆனால் கொழும்புக் கோட்டையில் இறங்கிக் கட்டுநாயக்கவுக்கு மீண்டும் வாகனம் பிடிக்க வேண்டும் என்பதால், கைக்குழந்தையோடு அந்த வழியை நான் விரும்புவதில்லை. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தவர்களுக்கு ரயிலே இல்லை, இரவு பஸ்தான். கீழ்ப்பெட்டியில் போட்டால் மேலே சூட்கேஸ் விழும் என்று நடத்துநரிடம் சொல்லி, காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணம் முடிந்த பிறகு அதை என்ன செய்யிறது? வீட்டில சும்மாதானே கிடக்கும்?

என்னுடையது சும்மா கிடக்கவில்லை. பிடுங்கப்பட்ட சில்லுக்குப் பதிலாக, சைக்கிள் கடைக்காரர் ஒருவர் பழைய சூட்கேஸ் சில்லு ஒன்றை அச்சில் பொருத்தித் தந்தார். மற்ற மூன்றும் சாம்பல் நிறம், அது மட்டும் சிவப்பு. அதன்பிறகு அந்த வண்டி ஏறாவூர்ப் பிள்ளை ஒன்றோடு துபாய்க்கும், எங்கள் ஒழுங்கைப் பிள்ளையோடு சூரிச்சுக்கும் போய் வந்துவிட்டது. இப்போது அக்கரைப்பற்றில் ஒரு வீட்டில், அடுத்த மாதப் பயணத்துக்காகக் காத்திருக்கிறது. அதற்கடுத்த முறை செங்கலடிக்கு என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே இரவல் கேட்க நினைப்பவர்கள் மார்கழிக்குப் பிறகு கேளுங்கள்.